மேடைத் தமிழின் ஆசிரியர்

சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவரைப் பார்க்கத் திருவேற்காட்டுக்குப் போயிருந்தேன். பூவிருந்தவல்லிக்கு அருகே கூவம் ஆற்றையொட்டி இருக்கிற ஊர். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் கருமாரியம்மனைத் தரிசிக்க வருகிறவர்கள். மூர்க்க நாயனார் பிறந்த ஊர் இது என்பதும், ஞானசம்பந்தர் பாடிய வேதபுரீசுவரர் கோயில் இங்கே இருக்கிறது என்பதும் அவர்களில் பலருக்கு நினைவிருப்பதில்லை.

நண்பரின் பேரன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பேச்சுப் போட்டிக்குத் தயார் செய்துகொண்டிருந்தான். தலைப்பு, 'எங்கள் ஊர்'. "கொஞ்சம் கேளுங்க தாத்தா" என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு ஆரம்பித்தான். தென்றல் தவழும் திருவூர், தெய்வம் தங்கும் தேனூர் என்று அடுக்கிக்கொண்டே போனான். ஐந்து நிமிஷத்தில் 'த' என்ற எழுத்தை அவன் பட வைத்த பாட்டைப் பார்த்தால், அதற்கே இரக்கம் வந்திருக்கும்.

"நல்ல குரல், தம்பி" என்றேன். "ஆனால் ஒன்று சொல். இந்த ஊருக்கு வேற்காடு என்று ஏன் பெயர் வந்தது?"

"முருகனோட வேல்தானே தாத்தா?"

சமையலறையிலிருந்து அவன் பாட்டியின் குரல் வந்தது. "அந்த வேல் இல்லேடா. வேல மரம். நாலு வேதமும் வேல மரமா நின்னு சாமியைக் கும்பிட்டுதுன்னு சின்னப் பிள்ளையிலே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்!"

பையன் அசடு வழியச் சிரித்தான். எனக்கோ வேறு ஒருவர் நினைவு வந்துவிட்டது. அவர் விட்டுச் சென்ற சொத்தில் பாதி இந்தப் பையனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. மற்றப் பாதியோ பாட்டியிடமே தங்கிவிட்டது என்று தோன்றியது.

அந்த ஒருவர், சொல்லின் செல்வர் ரா. பி. சேதுப்பிள்ளை.

திருநெல்வேலிச் சீமையில் இராசவல்லிபுரம் என்ற ஊரில் 1896-ஆம் ஆண்டு பிறந்தவர். பாளையங்கோட்டையிலும் நெல்லையிலும் படித்தபின் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். அங்கேயே தமிழாசிரியராக இருந்துகொண்டு சட்டமும் படித்தார். பிறகு சொந்த ஊர்ப் பக்கம் போய் வக்கீல் தொழில் நடத்தினார். நெல்லை நகராட்சியின் துணைத் தலைவராகவும் இருந்தார். அந்தப் பதவியில் அவர் செய்த காரியங்களில் ஒன்று வேடிக்கையானது. மக்கள் வாயில் உருமாறிப் போயிருந்த தெருப் பெயர்களின் உண்மையான வடிவங்களைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைத் திருத்தி வைத்தார். விளக்குக் கம்பத்தையும் சாக்கடையையும் கவனிக்க வேண்டிய இடத்தில் சொற்களையும் கவனித்த மனிதர்!

அப்படிப்பட்டவரைக் கோர்ட்டு எத்தனை நாள் பிடித்து வைத்திருக்க முடியும்? 1930-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக்கொண்டது. 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 1961-இல் காலமாகும் வரையில், கால் நூற்றாண்டுக் காலம், அங்கே தமிழ்ப் பணி செய்தார்.

அவர் செய்ததன் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முந்திய மேடையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் கதாகாலட்சேபமும் புராணப் படிப்பும் நெடுங்காலமாக இருந்தவை. ஆனால் ஒருவர் எழுந்து நின்று, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, உரைநடையிலே சபைக்கு எடுத்துச் சொல்வது அவ்வளவு பழையதல்ல. பாதிரிமார்களின் பிரசங்கத்தை அருகிலிருந்து கேட்ட ஆறுமுக நாவலர், 1847-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதற்குப் பிறகும் படித்தவர்களின் மேடை நெடுநாள் ஆங்கில மேடையாகவே இருந்தது. 1907-இல் விபின சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் முழங்கியதும் ஆங்கிலத்தில்தான். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாருக்கு 'வெள்ளி நாக்கு' என்ற புகழை வாங்கிக் கொடுத்ததும் ஆங்கிலந்தான். சுதேசி இயக்கத்தாரும் திரு. வி. க.வும் அரசியலில் தமிழுக்கு மேடை போட்டார்கள். இலக்கியத்துக்கு அப்படி மேடை போட்டவர்களில் முன்வரிசையில் நிற்கிறவர் சேதுப்பிள்ளை.

பல்கலைக்கழகத்துச் சுவர்களோடு அவருடைய வகுப்பு முடிந்துவிடவில்லை. கோகலே மன்றத்தில் மூன்று ஆண்டுகள் சிலப்பதிகாரம் சொன்னார். தங்கசாலைத் தமிழ் மன்றத்தில் ஐந்து ஆண்டுகள் திருக்குறள். கந்தகோட்டத்து மண்டபத்தில் ஐந்து ஆண்டுகள் கந்தபுராணம். இடங்களைக் கவனியுங்கள். தங்கசாலையும் கந்தகோட்டமும் கடைத்தெருக்கள் சூழ்ந்தவை. கல்லூரி வாசற்படியை மிதிக்காதவனும் கடையை மூடிவிட்டு வந்து உட்காரக்கூடிய இடங்கள். அவனிடம் புத்தகம் இருக்காது. பேராசிரியர் சொன்னதில் எதை அவன் வீட்டுக்குக் கொண்டு போவது?

இங்கேதான் எதுகை மோனையின் உபயோகம் தெரிகிறது. செய்யுளுக்கே உரியவை என்றிருந்த அந்த அணிகளை உரைநடையில் கொண்டு வந்து சேர்த்தார் அவர். அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. ஏடும் எழுத்தாணியும் அரிதாக இருந்த காலத்தில் பாட்டை மனத்தில் நிறுத்தி வைத்தவை இந்த எதுகை மோனைகளே. காதால் மட்டும் படிக்கிறவனுக்கு அவை மூட்டையின் முடிச்சு மாதிரி. முடிச்சைப் பிடித்துத் தூக்கினால் மூட்டை முழுவதும் கூடவே வரும்.

1950-இல் தருமபுர ஆதீனம் அவருக்குச் 'சொல்லின் செல்வர்' என்ற பட்டத்தைக் கொடுத்தது. கம்பனில் இராமன் அனுமனுக்குக் கொடுத்த பட்டம் அது. சாகித்திய அக்காதெமி 1955-இல் தமிழுக்கு முதன்முதலாகப் பரிசளித்தபோது, அவருடைய 'தமிழின்ப'த்துக்கே அளித்தது. அந்தப் புத்தகத்தில் கட்டுரைகளோடு மேடைப் பேச்சும் இடம் பெற்றிருக்கிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். அவருடைய நடையில் ஒரு கதாபாத்திரத்தைக் காப்பி கேட்க வைக்க முடியாது. அவருடைய புத்தகத்தைத் தொடர்ந்து ஐம்பது பக்கம் வாசித்தால் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் அதிகம் சாப்பிட்டதுபோல் திகட்டிவிடுகிறது. அவருக்குப் பின் வந்த மேடைகளிலோ முடிச்சு மட்டும் இருக்கிறது. அவிழ்த்துப் பார்த்தால் மூட்டைக்குள் ஒன்றும் இல்லை. கல்லூரி ஆண்டு விழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் போய் வருகிறவர்கள் இதை அறிவார்கள். இந்தப் பழியில் ஒரு பங்கு அந்தப் பெரியவருக்கும் உண்டா என்று கேட்டால், உண்டு என்றுதான் சொல்லுவேன். எளிதில் காப்பியடிக்கக்கூடிய அழகைக் கண்டுபிடிக்கிறவன் அந்த ஆபத்துக்கும் ஆளாகத்தான் வேண்டும்.

ஆனால் அவருடைய 'தமிழகம் ஊரும் பேரும்' என்ற புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது என் மனம் மாறிவிடுகிறது. மலையும் காடும் வயலும் கடலும் நம் ஊர்ப் பெயர்களில் எப்படி ஒளிந்திருக்கின்றன என்று அதில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். ஆர்க்காடு என்பதில் ஆர் என்னும் ஆத்தி மரம் நிற்பதை அதில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரையில் எனக்கு ஆர்க்காடு என்றால் நவாபும் கிளைவுந்தான்! தெருப் பெயரைத் திருத்திய வக்கீலும் இந்த ஆசிரியரும் ஒரே மனிதர்தாம். நாம் தினமும் வாயில் போட்டு மென்று துப்புகிற ஒரு சொல்லை எடுத்துத் தூசி தட்டி, "இதைப் பார்த்தாயா?" என்று நம்மிடமே திருப்பிக் கொடுக்கிறார். அவர் கற்பித்த பேச்சுக் கலையின் உயிர் அங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். சொல்லை உற்றுப் பார்த்தவனுக்கு மோனை தானாக வரும், வராவிட்டாலும் பாதகமில்லை.

இதையெல்லாம் அன்று மாலை அந்தப் பையனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தான். பிறகு, "வேல் எப்படித் தாத்தா வேற்காடு ஆச்சு?" என்று கேட்டான். லகரம் ககரத்தோடு சேர்ந்தால் றகரமாகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் தன்னுடைய ஊருக்குள்ளேயே அந்தச் சூத்திரம் குடியிருக்கிறது என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை.

எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனான். "பாட்டி, அந்த வேல மரக் கதையை முதல்லேருந்து சொல்லு" என்று அவன் கேட்பது என் காதில் விழுந்தது.

போட்டியில் அவனுக்குப் பரிசு கிடைத்ததா என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.