சக்கரத்தில் ஏற்றிய சுடர்கள்: திருவருகைக்கால வீட்டு வழக்கங்கள் உருவான வரலாறு

நான்கு மெழுகுவர்த்திகள் வைத்த பசுந்தழை வளையம், 24 கதவுகள் கொண்ட நாட்காட்டி, வாசலில் ஒளிரும் காகித நட்சத்திரம். கிறிஸ்துமஸுக்குக் காத்திருக்கும் நாட்களில் சிறு பிள்ளைகளுக்காகக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தொடங்கும் வழக்கங்களில் இம்மூன்றும் முதன்மையானவை. பழந்திருச்சபையிலிருந்தே இவை தொடர்ந்து வருவதாகப் பலரும் நம்புகின்றனர். உண்மையில் மூன்றும் 19, 20ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியில் உருப்பெற்றவை. இவற்றுள் வளையமும் நட்சத்திரமும் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் தங்கிய விடுதிகளில் பிறந்து, பின்னர் வீடுகளுக்குள் வந்தவை. அந்த வருகையின் தடத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவருகைக் காலம் தொடக்கத்தில் பெரியவர்களின் நோன்புக் காலம். 5ஆம் நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவஸ், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்க விதித்தார். பின்னாளில் அது நான்கு ஞாயிறுகளாகச் சுருங்கியது. அந்த நோன்பில் குழந்தைகளுக்கென்று தனியே ஒரு பங்கு இருந்ததாகத் தெரியவில்லை.

திருப்பம் சீர்திருத்தக் காலத்தில் நேர்ந்தது. 1529இல் மார்ட்டின் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேச நூல், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்குக் கற்பிப்பதற்கென்றே அமைந்தது. விசுவாசத்தைக் கற்பிக்கும் பொறுப்பில் தகப்பனுக்கும் தாய்க்கும் இப்படி ஒரு நிலையான இடம் கிடைத்தது. பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும் நாளும் லூத்தரன் வீடுகளில் புனித நிக்கோலஸ் திருநாளான டிசம்பர் 6இலிருந்து கிறிஸ்துமஸுக்கு மெல்ல நகர்ந்தது. பரிசு மாத இறுதிக்குப் போனதும், அதுவரையுள்ள நாட்கள் பிள்ளையின் கண்ணில் நீண்ட காத்திருப்பாகிவிட்டன. 19ஆம் நூற்றாண்டின் வழக்கங்களுக்கு நிலம் பண்பட்டது இவ்வாறுதான் என்பது என் கருத்து.

இனி ஹாம்பர்க் நகரத்துக்கு வருவோம். யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் 1808இல் அங்கே பிறந்தவர், இறையியல் பயின்றவர். புனித கேயோர்க் பகுதியின் ஞாயிறு பள்ளியில் கற்பித்தபோது ஏழைக் குடும்பங்களின் இருண்ட அறைகளை நேரில் கண்டார். 1833இல், நகருக்கு வெளியே ஹார்ன் என்னும் இடத்தில் ‘ரவுஹெஸ் ஹவுஸ்’ என்ற பழைய வீட்டில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். அந்த இல்லத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அக்காலத்து அனாதை இல்லங்களைப் போல நூற்றுக்கணக்கானோரை ஒரே கூடத்தில் அடைத்து வைக்க விஹெர்ன் விரும்பவில்லை. பன்னிரண்டு பேர் அளவிலான சிறு குழுக்களாகப் பிள்ளைகளைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ‘அண்ணனை’ப் பொறுப்பாக்கி, அக்குழுவைக் குடும்பம் என்றே அழைத்தார். குடும்பம் இல்லாத இடத்தில் குடும்பத்தை அமைக்க முயன்ற இம்மனிதரின் கையிலிருந்துதான் குடும்ப வழிபாட்டின் புகழ்பெற்ற சின்னமொன்று வந்தது.

கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டார்கள் என்றும் அதற்கு விடையாகவே விஹெர்ன் அச்சின்னத்தைச் செய்தார் என்றும் மரபு சொல்கிறது. 1839ஆம் ஆண்டின் திருவருகைக் காலத்தில், ஜெபக்கூடத்தில் ஒரு மரச் சக்கரத்தைத் தொங்கவிட்டார். வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகள் 20, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகள் 4. நாளுக்கொன்றாக ஏற்றினார்கள், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சக்கரம் முழுவதும் எரிந்தது. அந்த ஆண்டு திருவருகையின் முதல் ஞாயிறு டிசம்பர் 1ஆம் தேதியே வந்ததால் மொத்தம் 24 அமைந்தது. எல்லா ஆண்டும் அப்படி அமையாது. முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையே மாறிவருவதால், சிறிய மெழுகுவர்த்திகளின் எண்ணிக்கை 18இலிருந்து 24 வரை கூடும், குறையும். எண்ணத் தெரியாத பிள்ளைகூட எரியாத திரிகளைப் பார்த்துக் காத்திருப்பின் மிச்சத்தை அறியலாம். கணக்கும் ஜெபமும் இதில் ஒன்றாகவே நடந்தன. ஊசியிலைக் கொம்புகளைச் சுற்றும் வழக்கம் பின்னாளில் சேர்ந்தது.

சக்கரம் வீடுகளுக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. அத்தனை பெரிய சக்கரத்தைச் சாதாரண வீட்டின் கூரையில் தொங்கவிட முடியாது. அத்தனை மெழுகுவர்த்திகளுக்கும் செலவு உண்டு. எனவே ஞாயிறுகளுக்குரிய நான்கு மட்டுமே மிஞ்சிய சிறு வளையமாக அது சுருங்கி, முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பரவலாயிற்று. 1925இல் கொலோன் நகரின் ஒரு கத்தோலிக்க ஆலயத்திலும் அது இடம்பெற்றது. புராட்டஸ்டண்ட் இறையியலாளர் ஒருவர் ஆதரவற்ற பிள்ளைகளுக்காகச் செய்தது, நூறாண்டு நிறைவதற்குள் இரு சபைகளுக்கும் பொதுவாகிவிட்டது.

ஆனால் சுருங்கியதில் ஓர் இழப்பும் நேர்ந்தது. நாள்தோறும் நடந்த எண்ணிக்கை போய், வாரந்தோறும் நடப்பதாயிற்று. மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு வாரம் மிக நீண்டது. அந்த இடத்தை நிரப்பியது நாட்காட்டி.

அச்சு வடிவத்துக்கு முன்பே நாளெண்ணும் வழக்கங்கள் வீடுகளில் இருந்தன. கதவில் சுண்ணாம்புக் கட்டியால் 24 கோடுகள் இட்டு, நாளுக்கொன்றைப் பிள்ளை அழிக்கும். கத்தோலிக்கக் குடும்பங்களில் வெறும் தீவனத் தொட்டியில் நாளுக்கொரு வைக்கோலை வைத்து, பாலன் இயேசுவுக்குப் படுக்கை அமைப்பார்கள். தாமஸ் மன் 1901இல் வெளியிட்ட ‘புட்டன்புரோக்ஸ்’ நாவலில், சிறுவன் ஹன்னோவுக்கு அவனை வளர்க்கும் பெண் கையால் செய்து கொடுத்த கிழிக்கும் நாட்காட்டி வருகிறது.

இனி அச்சு நாட்காட்டிக்கு வருவோம். மவுல்ப்ரான் ஊரில் பிறந்த கெர்ஹார்ட் லாங் ஒரு போதகரின் மகன். அவர் சிறுவனாயிருந்தபோது தாய் ஓர் அட்டையில் சின்னஞ்சிறு பிஸ்கட்டுகள் 24ஐப் பொருத்தித் தந்தார், நாளுக்கொன்று தின்னலாம். வளர்ந்து மியூனிக்கில் அச்சகத் தொழிலில் இறங்கிய லாங், அந்த நினைவையே 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அச்சிட்ட நாட்காட்டியாக ஆக்கினார். அதில் 24 படங்களை வெட்டியெடுத்து இன்னொரு தாளில் ஒட்ட வேண்டும். திறக்கும் கதவுகள் 1920 வாக்கில் வந்தன.

இங்கே ஒரு மாற்றம் சத்தமின்றி நடந்துவிட்டது. அச்சிட்டு விற்கும் பொருளுக்கு எல்லா ஆண்டும் ஒரே எண் வேண்டும். ஆகவே நாட்காட்டி சபையின் ஆண்டைவிட்டு விலகி, டிசம்பர் 1ஐத் தொடக்கமாகக் கொண்டது. ஜெபத்திலிருந்து கணக்கு பிரிந்தது இந்தக் கட்டத்தில்தான். பிரிந்துவிட்ட கணக்கில் யாரும் எதையும் நிரப்பலாம் என்பதை அடுத்த தலைமுறை கண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜிக் கட்சியின் பதிப்பகம், கிறிஸ்துவின் பிறப்பை ஒதுக்கிவிட்டு நாட்டுப்புறக் கதைகளும் பழஞ்ஜெர்மானியச் சின்னங்களும் கொண்ட நாட்காட்டியைத் தாய்மார்களுக்கு வழங்கியது. சிறு பிள்ளையின் மனத்தைப் பிடிக்க வீட்டுச் சடங்கு எவ்வளவு வலியது என்பதை அவர்கள் நன்றாக உணர்ந்திருந்தனர். போர் முடிந்தபின் 1946இல் ஸ்டுட்கார்ட்டில் ரிஹார்ட் செல்மர் மீண்டும் நாட்காட்டிகளை அச்சிட்டார். அவை கடல்கடந்து அமெரிக்காவிலும் பரவின. பிறகு சாக்லேட் வந்தது.

நட்சத்திரத்தின் கதையும் விடுதியில்தான் தொடங்குகிறது. மொரேவிய சகோதர சபை என்னும் புராட்டஸ்டண்ட் சபையார் தம் மிஷனரிகளைத் தொலைநாடுகளுக்கு அனுப்பியபோது, அவர்களுடைய பிள்ளைகள் சாக்சனியின் விடுதிப் பள்ளிகளில் தங்கினர். நீஸ்கி ஊர்ப் பள்ளியின் 50ஆம் ஆண்டு விழாவுக்கு, 1821 ஜனவரியில், 110 முனைகள் கொண்ட நட்சத்திரம் ஒளிர்ந்தது. வடிவியல் பாடத்தில் காகித முனைகளைக் கணக்கிட்டு மடித்து ஒட்டிய பழக்கம், திருவருகையின் முதல் ஞாயிறன்று பிள்ளைகள் கூடிச் செய்யும் வேலையாக நிலைத்தது. இன்றும் சாக்சனியின் ஹெர்ன்ஹூட் ஊரில் இந்நட்சத்திரங்கள் செய்யப்படுகின்றன.

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளின் வாசல் நட்சத்திரத்தை இதனோடு நேரடியாக இணைக்கச் சிலருக்குத் தோன்றலாம். மொரேவியர் 1760இல் தரங்கம்பாடிக்கு வந்தவர்கள், 1803இல் நீங்கினர். நீஸ்கியில் அந்த நட்சத்திரம் ஒளிர்ந்ததோ அதற்குப் பிறகு. எனவே அவர்கள் வழியே அது இங்கு வந்ததென்று கூற இடமில்லை.

மொரேவியரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. 1747 கிறிஸ்துமஸ் காலத்தில் ஜெர்மனியின் மரியென்போர்னில் ஆயர் யோஹானஸ் ஃபான் வாட்டெவில், சிவப்பு நாடா சுற்றிய மெழுகுவர்த்தியைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அதே வழக்கத்தை, ஆரஞ்சுப் பழத்தில் செருகிய மெழுகுவர்த்தியாக, 1968இல் இங்கிலாந்தில் ஜான் பென்சம் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான அறநிறுவனத்தின் நிதிதிரட்டும் வழிபாடாக்கினார்.

இவ்வரலாற்றில் எந்த வீட்டு வழக்கத்தையும் சபைச் சங்கம் கட்டளையிட்டு ஏற்படுத்தவில்லை. ஓர் இறையியலாளர், ஒரு தாய், ஒரு கணக்கு வகுப்பு என்று ஆங்காங்கே தொடங்கியவை இவை. முதலில் செய்தவர்களிடம் விலையுயர்ந்த பொருளும் இல்லை. வீட்டில் சிறு பிள்ளையுடன் இவ்வழக்கத்தைத் தொடங்க விரும்பும் பெற்றோர், கடையில் வாங்கும் நாட்காட்டிக்கு முன் விஹெர்னின் எண்ணும் முறையைக் கோடுகளால் முயன்று பார்க்கலாம். திருவருகையின் முதல் ஞாயிறன்று பலகையில் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வரை கோடுகள் இடுங்கள். ஞாயிறுகளுக்கு நீளமான கோடு, வாரநாட்களுக்குக் குட்டைக் கோடு. இரவுக் குடும்ப ஜெபம் முடிந்ததும், அன்றைய கோட்டை அழிக்கும் வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.