பூப்பெய்தும் வயது

பூப்பெய்தும் வயது என்பது பெண்ணுக்கு முதல் மாதவிடாய் ஏற்படும் வயதைக் குறிக்கும். செங்கல்பட்டு உள்ளிட்ட தமிழக மாவட்டங்களில் இந்நிகழ்வு மஞ்சள் நீராட்டு விழாவாகக் கொண்டாடப்படுகிறது. இவ்வயதை மரபும் சூழலும் இணைந்தே தீர்மானிக்கின்றன.

மரபு

கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டின் எனும் இயக்குநீர் 1994ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. உடலின் கொழுப்பு இருப்பை இது மூளைக்கு உணர்த்துகிறது. இதற்கான மரபணு பழுதுற்றுப் பிறப்போர் மிகுந்த பருமன் அடைந்தாலும், சிகிச்சையின்றிப் பெரும்பாலும் பூப்பெய்துவதில்லை.

சூழல்

எடை மிகுந்த சிறுமியர் பொதுவாக முன்னதாகப் பூப்பெய்துகின்றனர்; ஊட்டக்குறைவு பூப்பைத் தாமதப்படுத்தும். இந்தியாவில் பிறந்து சுவீடன் குடும்பங்களால் தத்தெடுக்கப்பட்ட 107 பெண்களைப் பற்றிய ஆய்வு 1991இல் வெளியானது. அவர்களுள் பாதிப்பேர் 11.6 வயதுக்குள் பூப்பெய்தியிருந்தனர். இது இந்தியாவின் வசதியான குடும்பச் சிறுமியரைவிடவும் முன்னதாகும். ஊட்டக்குறைவுக்குப்பின் நல்லுணவு கிடைத்து ஏற்பட்ட விரைவான வளர்ச்சி இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.