கிரானாவின் மகள்கள் – 14: சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கியவர்

அக்காவும் தங்கையும் இந்த வாரம் ஒரே மேடையில் உட்கார்ந்து பாடப்போகிறார்கள் என்று போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். ஹீராபாய் பரோடேகரும் சரஸ்வதிபாய் ராணேயும் ஜுகல்பந்தி பாடத் தொடங்கியது 1960களின் நடுவில். கயால் மேடையில் இரண்டு பெண்கள் ஜோடியாக அமர்வது வடக்கே அதுவரை பழக்கப்படாத காட்சி. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் ஓர் ஒலிநாடா வந்தது. அதன் பின்னாலேயே இவர்களுடைய அப்பா வந்துவிட்டார். அப்துல் கரீம் கான் ஓர் இடத்துக்கு வந்துவிட்டால் மற்றவர்களுக்கு இடம் இருப்பதில்லை. உயிரோடு இருந்த காலத்திலும் அப்படித்தான்.

முன்கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். பரோடா அரச குடும்பத்து உறவான தாராபாய் மானே கான் சாகிபோடு ஊரைவிட்டுப் போனது, ஐந்து பிள்ளைகள், பிரிவு, பிறகு பிள்ளைகளின் பெயர்களையே தாராபாய் மாற்றியது எல்லாம் பார்த்தாயிற்று. அப்துல் ரஹ்மான் சுரேஷ்பாபு ஆனார், சம்பாகலி ஹீராபாய் ஆனார், சகீனா சரஸ்வதி ஆனார். மேலே போவோம்.

நான் இருக்கும் புனேயின் கராடியில், எங்கள் குடியிருப்பில், எண்பதை நெருங்கும் ஒரு மராத்தித் தம்பதி இருக்கிறார்கள். காகா, காகூ என்றுதான் கூப்பிடுவேன். சகோதரிகள் சேர்ந்து பாடிய ஒரு கச்சேரியின் ஒலிப்பதிவு அவர்களிடம் இருக்கிறது. ஸ்பூலிலிருந்து கேசட்டுக்கு, கேசட்டிலிருந்து கணினிக்கு என்று கைமாறி வந்தது. வெளியே ஐ.டி. கட்டடங்களுக்குப் பள்ளம் தோண்டும் சத்தம், உள்ளே இரண்டு தம்புராக்கள். முதல் ஆலாப் எழும்பியதும் காகா, “ஹீராபாய்” என்றார். காகூ தலையை ஆட்டி, “நாஹி, சோட்டுதாயி” என்றார். சரஸ்வதிபாயை வீட்டில் அழைத்த பெயர் அது. இரண்டு பேரும் கல்லூரிக் காலத்தில் அந்தக் கச்சேரியில் நேரில் உட்கார்ந்து கேட்டவர்கள். கடைசியில் பைரவி பாடினார்களா என்பதில்கூட ஒத்துப்போகவில்லை. நாடாவைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால் அதற்கு முன்பே நாடா முடிந்துவிடுகிறது.

ஒலிப்பதிவு பொய் சொல்லாது என்பார்கள். நன்றாகவே சொல்லும். நாடா ஓடும் வேகம் ஏறத்தாழ 6 சதவீதம் கூடினால் சுருதி அரைச் சுரம் ஏறிவிடும், காலப்பிரமாணமும் கூடவே விறுவிறுப்பாகும். அறுபது வயதுப் பாடகிக்கு நாற்பது வயதுக் குரல் வந்துவிடும். அந்தக் குரலை வைத்துக்கொண்டு ‘இது 1950களின் பதிவு’ என்று சேகரிப்பாளர்கள் அட்டையில் எழுதிவிடுவார்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரே மைக் என்றால், அதன் பக்கம் சாய்ந்தவர் தலைமை, தள்ளி இருந்தவர் பின்பாட்டு. உண்மையில் பாட்டை இழுத்துச் சென்றவர் தள்ளி இருந்தவராகவும் இருக்கலாம். இதில் பெயர்க் குழப்பம் வேறு. கான் சாகிபின் மூன்றாவது மனைவி பானுபாய் லாட்கர் மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர் சரஸ்வதிபாய் மிரஜ்கர். மகளும் சரஸ்வதி, சிற்றன்னையும் சரஸ்வதி. பழைய இசைத்தட்டு விற்பவரிடம் “சரஸ்வதிபாய் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டால் எந்த வீட்டுச் சரஸ்வதி கிடைப்பார் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

இப்படி நினைவும் நாடாவும் முட்டிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. 1965-ல் அமெரிக்காவில் சுப்ரீம்ஸ் என்ற மூன்று பெண்களின் குழு, நியூயார்க்கின் கோபா இரவு விடுதியில் பாடிய கச்சேரி இசைத்தட்டாக வந்தது. கேட்டால் மூன்று பேரும் ஒரே குடும்பம்போலச் சிரிக்கிறார்கள். இரண்டே ஆண்டில் ஃப்ளாரன்ஸ் பாலார்ட் வெளியேற்றப்பட்டார். 1986-ல் மேரி வில்சன் எழுதிய நினைவுக் குறிப்பைப் படித்துவிட்டு அந்தத் தட்டைக் கேட்டால் அந்தச் சிரிப்பே வேறு மாதிரி ஒலிக்கும். நம்மூரில் ராதா – ஜெயலட்சுமி அக்கா தங்கை என்று சத்தியம் செய்பவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் உறவினர்கள், ஜி.என்.பி.யின் சீடர்கள். வீணை தனம்மாளின் பேத்திகள் பிருந்தா – முக்தா விஷயம் இன்னும் மோசம். கடைக்கு வந்த இசைத்தட்டு சொற்பம். இன்று அவர்களைக் கேட்பதெல்லாம் வானொலி நாடாக்களிலும் கச்சேரிகளில் யாரோ பதிந்து வைத்தவற்றிலும்தான்.

புனே சகோதரிகளிடம் வருவோம். அவர்களைப் பற்றிய சண்டை எங்கே தொடங்குகிறது என்றால், ஓர் ஆண்டில். தாராபாய் கான் சாகிபைவிட்டுப் போனது 1918 என்று ஒரு கட்சி, 1922 என்று இன்னொரு கட்சி. நான்கு வருஷத்துக்கு இத்தனை வாதமா என்று கேட்காதீர்கள். சரஸ்வதிபாய் பிறந்தது 1913 அக்டோபர் 4. முதல் கணக்குப்படி அப்பாவின் பாட்டைக் கடைசியாக வீட்டில் கேட்டபோது அவருக்கு நான்கு ஐந்து வயது. இரண்டாவது கணக்குப்படி எட்டு ஒன்பது. நான்கு வயதுக் குழந்தைக்கு அப்பாவின் பாட்டு ஒரு சத்தம். ஒன்பது வயதில் அது பாடம். புனேயில் கான் சாகிப் 1913-ல் தொடங்கிய ஆரிய சங்கீத வித்யாலயத்தில் மூத்தவர்கள் சுரேஷ்பாபுவும் ஹீராபாயும் வளர்ந்தார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தங்கையின் குரலில் கேட்கும் கிரானா பாணி யாரிடமிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. ‘அப்பாவிடமிருந்து’ என்பார்கள் கான் சாகிபின் பக்தர்கள். அண்ணன் சுரேஷ்பாபுவிடமிருந்து, அக்காவிடமிருந்து என்பதே என் கட்சி.

சீடர் பாலகிருஷ்ணபுவா கபிலேஸ்வரி 1972-ல் மராத்தியில் எழுதிய பருமனான வாழ்க்கை வரலாற்றைத்தான் எல்லோரும் ஆதாரம் காட்டுகிறார்கள். உழைப்பை மதிக்கிறேன். ஆனால் குருவின் காலடியில் உட்கார்ந்து எழுதிய புத்தகத்தில் குருவைவிட்டுப் போன மனைவிக்கு எவ்வளவு நியாயம் கிடைக்கும்? ஐந்து பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, அரண்மனையும் கிடையாது கணவனும் கிடையாது என்ற நிலையில், அத்தனை பேரையும் பாடகர்களாக்கிய பெண் அவர். 1929-ல் பிள்ளைகள் சேர்ந்து நாடகக் கம்பெனியே நடத்தினார்கள். பெண் வேஷத்தை ஆண் கட்டிய மராத்தி மேடையில் பெண்களே பெண் பாத்திரங்களை ஏற்றார்கள். இந்தத் தொடரின் நாயகி யார் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தாராபாய்தான்.

ஆனால் கான் சாகிபை வெறுக்க முடியவில்லையே! இங்கேதான் நான் ஒவ்வொரு வாரமும் மாட்டிக்கொள்கிறேன்.

பாருங்கள், டிப்பு மியான் என்று ஒரு நாயை வளர்த்து அதைத் தன்னோடு சேர்ந்து குரல் கொடுக்கப் பழக்கிய மனிதர் என்று சொல்வார்கள். சாங்லியைச் சேர்ந்த கே.பி. தேவலும் நீதிபதியாக இருந்த ஆங்கிலேயர் இ. கிளெமென்ட்ஸும் 22 சுருதிகளைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது, தொண்டையாலேயே அதை நிரூபிக்கப் போய் உட்கார்ந்தவர் இவர். இசைப் பண்டிதர் பாத்கண்டே அதை ஏற்கவில்லை. அந்தப் பண்டிதரின் நோட்டுப் புத்தகத்துக்கு நாடு பட்ட கடன் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கரீம் கானின் காந்தாரத்தைக் கேட்டபிறகு என் மனம் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் போவதில்லை.

தெற்கு அவரை விடவில்லை. அவரும் தெற்கை விடவில்லை. மைசூர் அரண்மனையில் பாடினார். போகிற வழியில் தார்வாட் பக்கம் தங்கிச் சொல்லிக்கொடுத்ததில்தான் ராம்பாவ் குந்த்கோல்கர் உருவானார். அவர்தான் சவாய் கந்தர்வா. அவருடைய சீடர் பீம்சேன் ஜோஷி. அந்தக் குருவின் பெயரால் பீம்சேன் 1953-ல் தொடங்கிய விழாதான் ஒரு காலத்தில் டிசம்பரில் புனேயைத் தூங்கவிடாமல் செய்தது, இன்றும் நடக்கிறது. தியாகராஜரின் கரகரப்பிரியா கீர்த்தனை ஒன்றைக் கான் சாகிப் இசைத்தட்டில் பாடியிருக்கிறார். தெலுங்கு உச்சரிப்பைக் கேட்டால் நம் வித்வான்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். உச்சரிப்பை மறந்துவிட்டு நிஷாதத்தில் அவர் நிற்பதைக் கேளுங்கள். மூன்று நிமிடத் தட்டில் அவசரமே இல்லாத ஒருவர்.

1937 அக்டோபரில் சென்னைக்கு வந்தவர், அங்கிருந்து பாண்டிச்சேரிக்குக் கிளம்பினார். அரவிந்தர் ஆசிரமத்தில் பாடுவதாக ஏற்பாடு. மீட்டர் கேஜ் ரயில். செங்கல்பட்டு வருவதற்கு முன்னாலேயே நெஞ்சு வலித்தது. சிங்கப்பெருமாள் கோயில் நிலையத்தில் இறங்கிவிட்டார்.

இன்று கடற்கரையிலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் மின்சார ரயிலில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் அந்த நிலையத்தைக் கடக்கிறார்கள். மறைமலைநகருக்கு அடுத்தது. மலையைக் குடைந்த பல்லவர் காலத்து நரசிம்மர் கோயிலால் ஊருக்குப் பெயர். அப்போது மறைமலைநகர் என்று ஓர் ஊரே கிடையாது. இரவில் அந்தப் பிளாட்பாரத்தில் என்ன வெளிச்சம் இருந்திருக்கும்?

இதற்குமேல் ஆளுக்கொரு கதை. படுக்கையை விரித்து நமாஸ் செய்தார் என்கிறார்கள். தம்புராவைச் சுருதி சேர்க்கச் சொன்னார் என்கிறார்கள். தர்பாரி ராகத்தில் கலிமா ஓதிக்கொண்டே சாய்ந்தார் என்பதை அநேகமாக எல்லோரும் சொல்கிறார்கள். நெஞ்சு வலியோடு தர்பாரியா? கீழ் ஸ்தாயியில், ஆந்தோலனத்தோடு நின்று நிதானமாகப் பாட வேண்டிய ராகம் அது. மருத்துவர் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் கதையில் வேறு ராகத்தைப் பொருத்திப் பாருங்கள், பொருந்தாது. கூட இருந்த சீடர்கள் அழுதுகொண்டே கேட்டது ஊருக்கு வந்து சேர்வதற்குள் கச்சேரியாகிவிட்டது என்று நான் நினைக்கிறேன். ஒரு முனகல், ஓர் ‘அல்லா’, அதற்கு ஒரு ஷட்ஜம். அவ்வளவே போதும், மிச்சத்தை அன்பு பாடிவிடும். அக்டோபர் 27. அறுபத்தைந்து நிறைய இரண்டு வாரம் இருந்தது. உடல் மிரஜுக்குப் போய் அங்குள்ள தர்காவில் அடக்கமாயிற்று. பிளேக் வந்தபோது அந்தத் தர்காவில்தான் பிழைத்தார் என்பது மிரஜ்காரர்கள் சொல்லும் கதை.

கரீம் கானின் அதிகம் பேசப்பட்ட கடைசிப் பாட்டுக்கு ஒலிப்பதிவு கிடையாது. அதனால்தான் அது இத்தனை அழகாக இருக்கிறது. அன்று அங்கே ஒரு மைக் இருந்திருந்தால் நமக்கு ரயில் சத்தமும் யாரோ தண்ணீர் கேட்கும் குரலும்தான் கிடைத்திருக்கும்.

அப்பா சாகும்போது ஹீராபாய்க்கு வயது 32, மராத்தி நாடே அறிந்த பெயர். சரஸ்வதிக்கு 24. ஆறு வருஷம் கழித்து, 1943-ல், ‘ராம் ராஜ்யா’ படத்தில் பீம்பளாசில் ஒரு பாட்டுப் பாடி அவர் இந்தியா முழுக்கப் போனார். ஹீராபாயைப் பற்றியும் ஒரு நினைவுச் சண்டை உண்டு. 1947 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் வந்தே மாதரம் பாடினார் என்று அவரைப் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும். நேரு செங்கோட்டையில் கொடியேற்றியது ஆகஸ்ட் 16. பதினான்காம் தேதி நள்ளிரவு அரசியல் நிர்ணய சபையில் வந்தே மாதரம் பாடியவர் சுசேதா கிருபளானி. பதினைந்து காலையில் வானொலியில் ஓம்கார்நாத் தாக்கூர். ஹீராபாய் பாடியிருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, தேதிதான் ஆடுகிறது. அந்த வாரத்தில் டெல்லியில் இருந்த யாருக்குத்தான் தேதி நினைவிருந்திருக்கும்?

சரி, ஜுகல்பந்தி. ஆசிரியர் கொடுத்த பக்கம் தீரப்போகிறது, சகோதரிகள் இன்னும் தம்புரா மீட்டிக்கொண்டே இருக்கிறார்கள். சுருக்கமாகச் சொல்லி வைக்கிறேன். 1953-ல் சுரேஷ்பாபு போய்விட்டார். வீட்டில் எல்லோருக்கும் பாட்டுச் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து, அறுபதைத் தொட்ட அக்காவும் ஐம்பதைத் தாண்டிய தங்கையும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஜுகல்பந்தி என்றால் நமக்குப் போட்டி நினைவுக்கு வரும். காகா – காகூவின் நாடாவில் போட்டி இல்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கிறார், அவ்வளவுதான். எங்கே விட்டார், எங்கே எடுத்தார் என்பது ஒரே ஓர் இடத்தில் மட்டும் தெரிகிறது. மேல் ஷட்ஜத்தைத் தொட்டதும் ஒரு குரல் சட்டென்று மெலிந்து ஒதுங்குகிறது, மற்றது அதே சுரத்தில் நிற்கிறது. ஒதுங்கியது அக்கா என்பது காகாவின் வாதம்: ‘தங்கைக்கு வழிவிட்டார்’. காகூவின் வாதம் நேர் எதிர்: ‘தங்கை அடங்கிப்போனாள், எப்போதும் அப்படித்தான்’. இரண்டு பேருமே தங்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று எனக்குப் பட்டது, வாயைத் திறக்கவில்லை.

மேடை, அன்றைய விமரிசனங்கள், பிரபா அத்ரே போன்ற மாணவிகள் இந்த ஜோடியைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அடுத்த வாரம், அப்பா குறுக்கே வராமல் இருந்தால். அதற்குள் ஒரு வேண்டுகோள். செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து வாசகர்கள் யாருடைய தாத்தாவோ பாட்டியோ ரயில்வே வேலையில் இருந்து, 1937-ல் பிளாட்பாரத்தில் இறந்துபோன வடக்கத்திப் பாடகரைப் பற்றி வீட்டில் ஏதாவது சொல்லியிருந்தால் எழுதி அனுப்புங்கள். என்ன ராகம் என்பதெல்லாம் வேண்டாம். விளக்கு இருந்ததா என்று மட்டும் சொன்னாலும் போதும்.