வேட்டைத் தொலைநோக்கிகள்: இருவர் அணிக்கான தேர்வு

அமெரிக்காவின் ராக்கி மலைத்தொடரில் உரிமம் பெற்று எல்க் மான் வேட்டைக்குச் செல்வோர், எதிர்ச் சரிவை மணிக்கணக்கில் துழாவிப் பார்க்கின்றனர். இருவராகப் போனால் கனமான கருவிகளைப் பங்கிட்டுச் சுமக்கலாம். பைனாகுலர் மட்டும் ஆளுக்கொன்று கட்டாயம் வேண்டும். கண்களுக்கு இடையிலான தூரமும் பார்வைத் திறனும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; கைமாறியதைச் சரிசெய்து முடிப்பதற்குள் மான் மரங்களுக்குள் மறைந்துவிடும்.

பலரும் கழுத்தில் மாட்டுவது 10×42 வகை: 10 மடங்கு உருப்பெருக்கம், 42 மி.மீ. முகப்பு லென்ஸ். 42-ஐ 10-ஆல் வகுத்தால் வரும் 4.2 மி.மீ., கண்ணை அடையும் ஒளிக்கற்றையின் விட்டம். 8×42-இல் அது 5.25 மி.மீ. எல்க் மேய வெளிவரும் விடியலிலும் அந்தியிலும் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். அடர்காட்டுக்கு 8 மடங்கே மேல். 15×56 திறந்தவெளிக்கு ஏற்றது. முக்காலி இல்லாவிட்டால் கைநடுக்கத்தில் காட்சி ஆடும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் எனும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி இருவருக்கு ஒன்று போதும். அதன் வேலை கொம்பின் கிளைகளை எண்ணுவது. கொலராடோவின் பல பகுதிகளில், ஒரு கொம்பிலாவது குறைந்தது 4 கிளைகளோ 5 அங்குல நெற்றிக்கிளையோ உள்ள ஆண் எல்க்கையே சுடலாம். லேசர் தூரமானியும் ஒன்று போதும். சுடாதவர் அதை வைத்திருந்து தூரம் சொல்வதும், குண்டு பட்ட இடத்தை முக்காலிப் பைனாகுலரில் கவனிப்பதும் நல்ல முறை. துப்பாக்கி ஸ்கோப்பால் விலங்கைத் தேடவே கூடாது; குழல்முனை துணைவர் பக்கமே திரும்பக்கூடும்.