சிறுதேர், அம்மானை, பனியன்

ஆண் பிள்ளையின் விளையாட்டு வேறு, பெண் பிள்ளையின் விளையாட்டு வேறு என்று தமிழில் தெளிவாக வகுத்துக் காட்டிய இலக்கிய வகை பிள்ளைத்தமிழ். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடியதிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சி மீது பாடியது வரை, குழந்தைப் பருவம் பத்தாகப் பகுக்கப்படுகிறது. காப்பு முதல் அம்புலி வரையிலான ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண் பிள்ளை சிற்றில் சிதைப்பான், சிறுபறை முழக்குவான், சிறுதேர் உருட்டுவான். பெண் பிள்ளை அம்மானை ஆடுவாள், நீராடுவாள், ஊசலாடுவாள். சில நூல்களில் கழங்கும் இடம்பெறும். சிற்றில் என்பது சிறுமியர் மணலில் கட்டும் வீடு. அவர்கள் கட்டியதை அவன் காலால் அழிப்பதையே ஒரு பருவமாக வைத்து மரபு அழகு பார்த்திருக்கிறது. பழந்தமிழர் விளையாட்டில் பால்பேதமே இருந்ததில்லை என்று பெருமை பேச இடமில்லை.

கொங்கு நாட்டு ஊர்களிலும் பிரிவினை இருந்தது. பம்பரம், கோலிக்குண்டு, கிட்டிப்புள் ஆகியவை பையன்களுடையவை. பல்லாங்குழியும் சொப்புச் சாமானும் மரப்பாச்சியும் பெண்களுடையவை. ஆனால் இந்தப் பிரிவினையால் பெரிதாகப் பிழைத்த வணிகர் எவருமில்லை. பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை போதும். கிட்டிப்புள்ளுக்கு ஒரு குச்சி போதும். தச்சர் செய்து கொடுத்த நடைவண்டி அக்காளிடமிருந்து தம்பிக்கும், அவனிடமிருந்து அடுத்த குழந்தைக்கும் போகும். துணியும் அப்படித்தான். பிறந்த குழந்தையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றினார்கள். பிறக்கும் முன்னே புதுத்துணி எடுப்பதைத் தவிர்த்தார்கள். வீட்டில் அண்ணன் போட்ட சட்டையைத் தங்கை போடுவதில் யாருக்கும் உறுத்தல் இருந்ததில்லை.

கொங்கு நாட்டுத் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் 1920களில் தொடங்கியது. ஐம்பது ஆண்டுக்கு மேல் அங்கே பின்னப்பட்டதில் பெரும்பகுதி ஆண்களும் பையன்களும் சட்டைக்குள் போடும் வெள்ளைப் பனியன்தான். ஆலைகளுக்கு இன்றுவரை 'பனியன் கம்பெனி' என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். துணியை வெளுத்தால் போதும் என்றிருந்த காலத்தில், நிறத்தைக் கொண்டு பிள்ளைகளைப் பிரிக்க வழியே இருக்கவில்லை.

1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் திருப்பூரில் டி-சர்ட் வாங்க வந்ததிலிருந்து ஏற்றுமதியின் கதை சொல்லப்படுவது வழக்கம். அவர் வாங்கியதும் வெள்ளைதான். 1980களில் வண்ண ஆடைகளுக்கு ஆர்டர் குவியத் தொடங்க, சாயப்பட்டறைகள் பெருகின. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. ஆர்டரோடு ஒரு தாள் கட்டும் வரும்: அளவு, துணியின் எடை, நிறத்தின் எண், நெஞ்சில் பதியவேண்டிய படம், லேபிளின் இடம். சாயப்பட்டறை ஒரு துண்டுத் துணியில் அந்த நிறத்தை எடுத்துக் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். அதற்கு 'லேப் டிப்' என்று பெயர். குழந்தை உடுப்பு என்றால் ஆணுக்கு ஒரு கட்டு, பெண்ணுக்கு ஒரு கட்டு. எந்த நிறம் யாருக்கு என்பதைத் திருப்பூர் முடிவு செய்யவில்லை. அது முடிவாகியே வந்தது.

அந்த முடிவுக்கு மேலைநாடுகளிலேயே வயது அதிகமில்லை. 1918இல் அமெரிக்கக் குழந்தை உடுப்பு வணிக இதழொன்று, இளஞ்சிவப்பு உறுதியான நிறம் என்பதால் பையன்களுக்கும், நீலம் மென்மையானது என்பதால் பெண்களுக்கும் ஏற்றது என்று எழுதியது. பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, பையனுக்கு நீலம் என்ற இன்றைய வழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே வேரூன்றியது. 1970களில் பெண்ணுரிமை இயக்கத்தின் தாக்கத்தால் அது ஓரளவு தளர்ந்தது; அக்காலத்துச் சியர்ஸ் நிறுவனப் பட்டியல்களில் பெரும்பாலான பொம்மைகள் எந்தப் பாலுக்கென்றும் குறிக்கப்படவில்லை. 1980களில் மீண்டும் இறுகியது. உடுப்பு வரலாற்றை ஆராய்ந்த ஜோ பவோலெட்டி இதற்கு ஒரு முக்கியக் காரணம் காட்டுகிறார்: கருவிலேயே ஆணா பெண்ணா என்று தெரிந்துகொள்ளும் சோதனை பரவியது. பிறக்கும் முன்னே பெற்றோர் நிறம் பார்த்து வாங்கத் தொடங்கினர். மகளின் இளஞ்சிவப்புத் துணியும் தொட்டிலும் அடுத்துப் பிறக்கும் மகனுக்கு ஆகாது என்றானபோது கடைக்காரருக்கு விற்பனை பெருகியது. 2000இல் டிஸ்னி தன் இளவரசிகளை ஒரே வரிசையாக்கிச் சிறுமியருக்கு விற்கத் தொடங்கியது.

திருப்பூரின் ஏற்றுமதி பெருகத் தொடங்கியதும் இந்தப் பிரிவினை இறுகியதும் ஒரே பத்தாண்டில். அதனால்தான் அது உலகெங்கும் என்றும் உள்ள இயல்பு போல இங்கே வந்து சேர்ந்தது. பொம்மைக் கடையின் அலமாரிகள் அப்படியே துணியில் ஏறின: பையன் நெஞ்சில் கார், டைனோசர், பந்து, பெண் நெஞ்சில் பூனைக்குட்டி, பட்டாம்பூச்சி, கிரீடம். படத்தைவிட வாசகம் கொடியது. 2011இல் அமெரிக்காவின் ஜேசி பென்னி, தான் மிக அழகாக இருப்பதால் வீட்டுப்பாடம் செய்ய முடியாது, அண்ணனோ தம்பியோதான் செய்யவேண்டும் என்று பொருள்படும் வாசகத்தோடு சிறுமியர் டி-சர்ட் விற்று, எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றது.

நிறத்துக்குத் திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆறும் விலை கொடுத்தது. பருத்திக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். கருநீலம் போன்ற அடர் நிறத்துக்கு இன்னும் அதிகம். அந்த உப்புநீர் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்ததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. இந்தக் கேட்டுக்குக் குழந்தை உடுப்பு மட்டும் காரணமில்லை. ஆயினும் ஒரே சட்டையை இரு நிறத்தில் கேட்கும் வணிகத்துக்கும் அதில் பங்குண்டு.

ஆலைக்குள்ளும் ஒரு பிரிவினை இருந்தது. பனியன் காலத்தில் பின்னுவதும் வெட்டுவதும் பவர் டேபிளில் தைப்பதும் ஆண்களின் வேலை. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கிடைத்தது துணியை மடித்துக் கொடுக்கும் கைமடியும் பிசிறு வெட்டுவதும். ஏற்றுமதி பெருகிய பிறகே பெண்கள் தையல் இயந்திரத்தின் முன் பெருமளவில் உட்கார்ந்தார்கள். சுற்றுவட்ட நூற்பாலைகளிலோ, மூன்றாண்டு வேலைக்குப் பின் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை என்று சொல்லி ஏழைப் பெண்களைச் சேர்த்த 'சுமங்கலி' முறை நடந்தது. பள்ளியில் இருக்கவேண்டிய வயதிலேயே அவர்களை மணப்பெண்ணாக மட்டும் பார்த்த முறை அது.

வெளிநாட்டுக்குப் போனதுபோக மிஞ்சியதும் கழிக்கப்பட்டதும் திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்கு வந்தன. அங்கிருந்து வியாபாரிகள் மூட்டை மூட்டையாக எடுத்துப்போக, அந்நியக் கடைக்காரர் வகுத்த நிறங்கள் மலிவு விலையில் தமிழ்நாட்டுச் சிற்றூர்களை எட்டின. உள்நாட்டுக்குத் தைத்தவர்களும் அதே மாதிரியைப் பின்பற்றினார்கள். ஒன்றில் மட்டும் இந்தியச் சந்தை வேறுபட்டது. பெண் கருவைக் கலைக்கும் கொடுமையைத் தடுக்க, கருவின் பாலை அறிவிப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. பிறக்கும் முன்னே நிறம் பார்த்து வாங்க இங்கே வழியில்லை. வெள்ளையும் மஞ்சளும் கலந்த ஜப்லா என்ற குழந்தைச் சட்டை இருபாலுக்கும் பொதுவாக விற்க இன்னும் இடமிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆர்டர் கொடுத்த நாடுகளில் காற்று மெல்லத் திரும்புகிறது. பொம்மைகளைப் பால் பார்த்துப் பிரிக்காதீர்கள் என்று பிரிட்டனில் 2012இல் பெற்றோர் இயக்கம் தொடங்கினர். 2015இல் அமெரிக்காவின் டார்கெட் பொம்மைப் பிரிவிலிருந்து ஆண், பெண் பலகைகளை நீக்கியது. 2017இல் பிரிட்டனின் ஜான் லூயிஸ் தன் சொந்தக் குழந்தை உடுப்புகளின் லேபிளில் அந்தப் பிரிவை எடுத்தது. பெரிய கடைகள் பொம்மைகளுக்குப் பொதுப் பகுதி வைக்கவேண்டும் என்ற கலிபோர்னியச் சட்டம் 2024இல் நடைமுறைக்கு வந்தது; துணிகளுக்கு அது பொருந்தாது. ஏற்றுமதிக்குத் தைக்கும் கம்பெனிக்கு இத்தகைய மாற்றம் ஆர்டர் தாளில் ஒரு வரி மாறுவதோடு முடிந்துவிடும். உள்நாட்டுச் சந்தையில் அந்த வரியை எழுதவேண்டியவர்கள் இங்குள்ள ஜவுளிக்கடைக்காரர்களும் பெற்றோரும்தான்.