ஓவியத் தொடர்கதையும் அதன் திரைவடிவமும்

இதழில் வாராவாரம் சித்திரங்களோடு வெளிவரும் கதை, பின்னர் திரைக்கோ தொலைக்காட்சிக்கோ போகும்போது கொள்ளும் மாற்றங்களைக் கூறுவது இக்கட்டுரை. ஜப்பானில் இந்த இணைக்கு மங்கா, அனிமே என்று பெயர். தமிழில் தனிப்பெயர் இல்லை. தொடர்கதை, படம் என்ற இரண்டு சொற்களாலேயே சமாளித்து வந்திருக்கிறோம். மங்காவில் ஓவியமே கதை சொல்லும். தமிழ்த் தொடர்கதையில் எழுத்துக்குத் துணையாகத்தான் ஓவியம் வரும். இந்த வேறுபாடு பெரியதுதான். ஆனாலும் இரண்டும் பத்திரிகையில் விளைந்தவை, வேலைக்குப் போய்வரும் வழியில் படிக்கப்பட்டவை. தோக்கியோ ரயிலில் மங்கா இதழ் புரண்டதுபோல, அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் போகும் ரயில்களில் விகடனும் கல்கியும் குமுதமும் புரண்டன.

மங்காவைத் தொலைக்காட்சிக்கு வாராந்தரத் தொடராகக் கொண்டுபோய் நிலைநிறுத்தியவர் ஒசாமு தெசுகா. 1952இல் அவர் வரையத் தொடங்கிய ‘ஆஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1 அன்று அனிமேயாக ஒளிபரப்பானது. வாரம் அரைமணி நேரத்தை நிரப்பப் பணமும் போதவில்லை, ஆளும் போதவில்லை. எனவே ஓவியங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். உடம்பு அசையாது, வாய் மட்டும் அசையும். ஒரே ஓட்டம் பல காட்சிகளில் திரும்ப வரும். சிக்கனத்துக்காகச் செய்தது நாளடைவில் அனிமேயின் பாணியாகவே ஆகிவிட்டது.

இரண்டு வடிவங்களுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு, நேரம் யார் கையில் இருக்கிறது என்பதே. தாளில் அது வாசகர் கையில் இருக்கிறது. அவர் ஒரு கட்டத்தை அரைநொடியில் கடக்கலாம், அடுத்த கட்டத்தில் ஐந்து நிமிடம் நிற்கலாம், பின்னோக்கியும் புரட்டலாம். திரையில் அந்த உரிமை இயக்குநருக்குப் போய்விடுகிறது. 1966இல் தொடங்கிய பேஸ்பால் மங்கா ‘கியோஜின் நோ ஹோஷி’, 1968இல் அனிமே ஆனது. மங்கா இன்னும் எழுதி முடியவில்லை, ஒளிபரப்போ நிற்காது. எனவே ஒரே ஒரு பந்துவீச்சை, வீசுபவன் மனசு, அடிப்பவன் மனசு, பார்ப்பவர் வியர்வை என்று காட்டி ஒரு பகுதி முழுக்க இழுத்தார்கள். நம் மெகா தொடர்களில் ஒரு வசனத்துக்கு எட்டு முகங்கள் மும்முறை திரும்புவதைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பேஸ்பால் கதையே 2012இல் கிரிக்கெட் கதையாக மாறி, ‘சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்’ என்ற பெயரில் இந்தித் தொலைக்காட்சிக்கு வந்தது.

இழுக்க முடியாதபோது வேறு வழி தேடினார்கள். ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ மங்கா 2001 முதல் 2010 வரை வந்தது. 2003இல் வந்த அனிமே, மங்காவின் முடிவு தெரியாத நிலையில் தானே ஒரு முடிவைச் செய்துகொண்டது. 2009இல் மங்காவையே பின்பற்றி இன்னொரு அனிமே எடுக்கப்பட்டது. ஒரே கதைக்கு இரண்டு முடிவுகள். இரண்டுக்கும் இன்றுவரை ஆதரவாளர்கள் உண்டு.

தமிழில் இந்த உறவு விசித்திரமான முறையில், இரட்டைப் பிள்ளைகளாகவே தொடங்கியது. கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ 1939 மே 20 அன்று வெளியானது. அதே கதையைக் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். தொடருக்குப் படத்தின் நிழற்படங்களே சித்திரங்களாக அச்சாயின. இதன் விளைவு சாதாரணமானதன்று. சம்பு சாஸ்திரி என்று படித்த மாத்திரத்தில் பாபநாசம் சிவன் முகமும், சாவித்திரி என்றதும் எஸ்.டி. சுப்புலட்சுமியின் முகமும் வாசகர் கண்ணில் நின்றன. தன் மனத்தில் ஒரு முகம் வரைந்துகொள்ளும் வாய்ப்பே அவருக்கு இல்லை. எழுத்துக்கு அது இழப்பு என்பேன். ஆனால் பத்திரிகைக்கும் படத்துக்கும் நல்ல விளம்பரம். தாளால் தர முடியாத ஒன்றும் படத்தில் இருந்தது: டி.கே. பட்டம்மாளின் குரலில் தேசபக்திப் பாட்டு. ஆங்கில அரசு படத்தைத் தடை செய்ததற்குத் திரையின் இந்த வேகமும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

அதன்பின் தொடர் முதலில், படம் பிறகு என்பதே வழக்கமாயிற்று. கல்கி இதழில் வந்த ‘பார்த்திபன் கனவு’ 1960இல் படமானபோது ஒரு சிக்கல் வெளிப்பட்டது. கதையில் பல்லவ மன்னர் நரசிம்மவர்மர் சிவனடியார் வேடத்தில் திரிகிறார். தாளில் வேடம் என்பது வெறும் சொல். எழுத்தாளர் விரும்பும்வரை மறைத்து வைக்கலாம். திரையில் எஸ்.வி. ரங்காராவின் உருவத்தையும் குரலையும் எந்தத் தாடிக்குள் ஒளிப்பது?

‘தில்லானா மோகனாம்பாள்’ நேர் எதிர். கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் விகடனில் எழுதியதற்குக் கோபுலு வரைந்தார். கோபுலுவின் கோட்டில் நாதஸ்வரக்காரர் சண்முகசுந்தரத்தின் செருக்கும் நாட்டியக்காரி மோகனாவின் நடையும் வந்துவிட்டன, நாதஸ்வரம் மட்டும் வரவில்லை, வரவும் வராது. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்த படத்தில் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்க, சிவாஜி கணேசன் கன்னத்தை உப்பி விரலை ஓட்ட, பல பக்க வருணனை சில நிமிடங்களில் தீர்ந்துபோனது. தொடரைத் திரை வென்ற இடம் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது இது.

ஜெயகாந்தன் செய்தது தனி ரகம்: திரைக்குப் போகுமுன் தாளிலேயே தன் கதையை மாற்றினார். ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் மகள் தலையில் தண்ணீர் ஊற்றி, ஓர் அந்நியனால் அவளுக்கு நேர்ந்ததை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிடும் தாய், ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் ஊரைக் கூட்டிவிடுகிறாள். இந்த இரண்டாம் பாதையே 1977இல் ஏ. பீம்சிங் இயக்கத்தில் படமானது. லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது.

இத்துறையின் பெரிய நிகழ்வு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950 அக்டோபர் 29 முதல் 1954 மே 16 வரை, மூன்றரை ஆண்டுகள் கல்கி இதழில் வந்தது. ஓவியர் மணியம். சோழர் கொண்டையும் நகையும் குதிரையும் இப்படித்தான் இருக்கும் என்று தமிழர் இன்றும் நினைப்பது பெருமளவு அவர் தூரிகையால். எம்.ஜி.ஆர். படமெடுக்க முயன்று கைவிட்டார். மணிரத்னத்தின் இரண்டு பாகங்கள் 2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28 ஆகிய நாள்களில் வந்தன. சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ ஐந்தரை மணி நேரம்.

ஐந்து பாக நாவல் அதற்குள் அடங்காது. கந்தமாறன் தங்கை மணிமேகலை படத்தில் இல்லை. சேந்தன் அமுதனே உண்மையான சோழ இளவரசன் மதுராந்தகன் என்ற திருப்பமும் இல்லை. வாரத் தொடருக்கு அத்தகைய திருப்பம் உயிர்மூச்சு, அடுத்த இதழை வாங்க வைப்பது அதுதான். இரண்டு பாகப் படத்துக்கு அது சுமை. நாவல் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் நாயகன் வந்தியத்தேவனின் குதிரையோடு சாவகாசமாகத் தொடங்கும். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் நேரில் வரக் காத்திருக்க வேண்டும். படம் அவனைப் போர்க்களத்தில் முதலிலேயே நிறுத்திவிட்டது. கரிகாலன் கொலையைக் கல்கி இருளில் விட்டார். ஒருவருக்கு மேற்பட்டோர் பழியைத் தம் தலையில் ஏற்றுக்கொள்வார்கள், தீர்ப்பு கிடைக்காது. காமிரா கொலை நடந்த அறைக்குள் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. படம் நன்றாக இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எழுபது ஆண்டுகளாக வாசகர்கள் தமக்குள் நடத்திவந்த ஒரு வழக்கு அங்கே முடித்துவைக்கப்பட்டது.

மங்காவும் அனிமேயும் தமிழ்ப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்த விதம் இதற்குத் தலைகீழ். டோரேமானும் ஷின்-சானும் தமிழ் பேசிக்கொண்டு தொலைக்காட்சி வழியாகவே வந்தார்கள். ஆவடியிலோ அம்பத்தூரிலோ அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அவை தாளில் பிறந்தவை என்பதே செய்தி. ஷின்-சான் 1990இல் பெரியவர்கள் படிக்கும் மங்கா இதழில் தொடங்கியது என்றால் பெற்றோரே நம்ப மாட்டார்கள்.

தாளை அறியாமல் திரையில் மட்டும் கதையைச் சந்திக்கும் இந்த இடைவெளி அண்மைக்காலத்தில் திரையரங்குக்கும் வந்துவிட்டது. ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்’ 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியாவில் தமிழ்க் குரலிலும் வெளியானது. மூன்று படங்களாகச் சொல்லப்படும் இறுதிப் போரின் முதல் படம் அது. அடுத்து என்ன ஆகும் என்ற பேச்சோடு பலர் அரங்கைவிட்டு வெளியே வந்தார்கள். அந்தக் கதையின் மங்கா 205 அத்தியாயங்களோடு 2020 மே மாதமே முடிந்துவிட்டது.