விருந்தேற்ற நகரம்

தமிழில் ‘விருந்து’ என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதிதாக நம் வாயிலில் வந்து நிற்பவரே விருந்து. அவருக்கு நாம் படைக்கும் உணவு அப்பெயரைப் பெற்றது பின்னரேயாம். ஜப்பானிய மொழியிலும் விருந்தினரைக் குறிக்கும் பழஞ்சொல் ஒன்று உண்டு. ‘மரேபிதோ’ என்பது அது. அரிதாக வருபவர் என்று அதற்குப் பொருள். தமிழர் வருபவரிடத்தில் புதுமையைக் கண்டனர். ஜப்பானியர் அருமையைக் கண்டனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி.

வீட்டுக்கு விருந்து வருவதை யாவரும் அறிவோம். ஒரு மாநகரமே விருந்தேற்பது எப்படி? அவ்வாறு ஏற்கும் தகுதியை ஒரு நகரம் இழப்பதும், மீண்டும் பெறுவதும் எங்ஙனம்? 1961ஆம் ஆண்டு மே 28 முதல் ஜூன் 1 வரை டோக்கியோ நகரில் கூடிய ரோட்டரி சங்கத்தின் உலக மாநாடு இவ்வினாக்களுக்கு விடை தருவதாக அமைந்துள்ளது.

முதலில் சங்கத்தின் வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1905ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தம் நண்பர் மூவரோடு கூடிப் பேசினார். ஒருவர் நிலக்கரி வணிகர்; ஒருவர் சுரங்கப் பொறியாளர்; மற்றவர் தையற்கடை நடத்தியவர். ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் அலுவலகத்தில் சுழல்முறையாகக் கூடியமையால் ரோட்டரி என்னும் பெயர் ஏற்பட்டது. 1910இல் அதே நகரில் முதல் மாநாடு நடைபெற்றபோது இருந்தவை 16 சங்கங்களே. 1921இல் எடின்பரோவில் கூடிய மாநாடுதான் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு வெளியே நடந்த முதல் மாநாடு. அதன்பின் ஐரோப்பாவும் தென்னமெரிக்காவும் மாநாட்டை வரவேற்றன. ஆசியாவின் முறை வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

ஆசியாவில் சங்கங்கள் இல்லாமலில்லை. ஷாங்காய், மணிலா, கல்கத்தா ஆகிய நகரங்களில் 1919இலேயே ரோட்டரி வேரூன்றியது. மறு ஆண்டு அக்டோபரில் டோக்கியோ சங்கம் 24 உறுப்பினரோடு தோன்றியது. அதனை நிறுவியவர் யோனேயாமா உமேகிச்சி என்ற வங்கியாளர். இளமையில் அமெரிக்காவில் பயின்ற அவர், பின்னர் டல்லாஸ் நகருக்குச் சென்றிருந்தபோது, அங்கிருந்த ஜப்பானிய வணிகர் ஒருவர் வாயிலாக ரோட்டரியைப் பற்றி அறிந்தார்.

தொடக்கத்தில் டோக்கியோ சங்கம் மாதம் ஒருமுறை கூடிக் கலையும் கனவான்களின் கூட்டமாகவே இருந்தது. அதன் உள்ளத்தை மாற்றியது ஒரு பேரிடர். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நண்பகலில் நிலம் நடுங்கியது. அதைத் தொடர்ந்து எழுந்த தீயில் நகரின் பெரும்பகுதி வெந்து நீறாயிற்று. அப்போது முகமறியாத பல நாட்டுச் சங்கங்களிலிருந்து ஆறுதல் தந்திகளும், 80,000 டாலருக்கு மேற்பட்ட பொருளும் வந்து சேர்ந்தன. பெற்ற உதவியின் பொருளை உணர்ந்த டோக்கியோ உறுப்பினர் வாரந்தோறும் கூடலாயினர். 1935இல் பால் ஹாரிஸ் தாமே டோக்கியோவுக்கு வந்து, நட்பின் நினைவாக ஒரு மரம் நட்டுச் சென்றார்.

ஆனால் காலம் வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது. 1940இல் டோக்கியோ உலகுக்கு இரு பெருவிழாக்களை எடுப்பதாக இருந்தது. ஒன்று ஒலிம்பிக் போட்டி. மற்றொன்று உலகப் பொருட்காட்சி. பொருட்காட்சிக்காகக் குறிக்கப்பட்ட இடங்களுள் முதன்மையானது, டோக்கியோ விரிகுடாவைத் தூர்த்து உண்டாக்கிய ஹருமி என்னும் நிலப்பரப்பு. அதற்குச் செல்லும் வழியில், கப்பல்களுக்காக நடுவே திறந்து மூடும் கச்சிடோக்கிப் பாலத்தைக் கட்டினர். நுழைவுச் சீட்டுகளும் முன்கூட்டியே விற்பனையாயின. எனினும், சீனத்தின் மீது தொடுத்த போர் வளரவே, 1938 ஜூலையில் ஒலிம்பிக்கை ஜப்பான் கைவிட்டது, பொருட்காட்சியையும் ஒத்திவைத்தது. 1940 ஜூனில் பாலம் திறக்கப்பட்டது. அதைக் கடந்து வரவேண்டிய விருந்தினர்தாம் வரவில்லை. வெற்றி முழக்கம் என்று பொருள்படும் பெயர் அப்பாலத்துக்கு.

அதே ஆண்டு செப்டம்பரில் டோக்கியோ ரோட்டரி சங்கம் கலைக்கப்பட்டது. அயல்நாட்டில் தலைமையகம் கொண்ட எந்த அமைப்பையும் அன்றைய இராணுவ ஆட்சி ஐயக்கண் கொண்டே நோக்கிற்று. ஜப்பானின் ஏனைய சங்கங்களும் உலக அமைப்பினின்று விலகின. ஆயினும் உறுப்பினர் பலர் முற்றும் பிரியவில்லை. டோக்கியோவில் ‘புதன்கிழமைச் சங்கம்’ என்னும் பெயரில் அவர்கள் கூடிவந்தனர். ஒசாகாவில் அது வெள்ளிக்கிழமையின் பெயரைத் தாங்கியது. பெயர் போனாலும் கூடும் கிழமை போகவில்லை. உலகத்தோடு கொண்டிருந்த உறவின் கடைசி இழையாக ஒரு கிழமையின் பெயர் மட்டும் எஞ்சியதை எண்ணும்போது நம் நெஞ்சம் கனக்கின்றது.

பின்னர் நிகழ்ந்தவற்றை விரிக்க வேண்டுவதில்லை. 1945 பிப்ரவரியில், ஜப்பானியப் படை பிடித்திருந்த மணிலாவில், போரின் நடுவே ஏறத்தாழ ஒரு லட்சம் குடிமக்கள் மாண்டனர். மறு மாதம் 10ஆம் நாள் டோக்கியோவின் மீது பொழிந்த தீக்குண்டுகளால் ஏறத்தாழ அதே அளவு மக்கள் ஒரே இரவில் மடிந்தனர். யோனேயாமா 1946இல் காலமானார். தாம் நிறுவிய சங்கம் மீண்டும் உலக அமைப்பில் சேர்ந்ததைக் காண அவர் இல்லை. 1949இல் அச்சேர்க்கை நிகழ்ந்தது.

திரும்பிச் சேர்ந்தவர்கள் முதலில் செய்தது என்ன? மாநாட்டை எங்கள் நகரில் நடத்துங்கள் என்று கேட்பதற்கு முன்பே, 1952இல் யோனேயாமாவின் பெயரால் ஒரு நிதி தொடங்கினர். ஆசிய நாடுகளின் மாணவரை ஜப்பானுக்கு அழைத்துப் படிக்கவைப்பது அதன் நோக்கம். முதலில் வந்தவர் தாய்லாந்து மாணவர். அண்டை நாடுகளுக்குப் படையை அனுப்பிய நாடு, அந்நாட்டுப் பிள்ளைகளைத் தன் இல்லத்துக்கு அழைத்தது. இதனையே நாம் 1961 மாநாட்டின் உண்மையான தொடக்கம் எனக் கொள்வோம். பின்னர் ஜப்பானியச் சங்கங்கள் அனைத்தும் ஏற்று நடத்திய அந்நிதியால், இன்றளவும் 20,000 பேருக்கு மேல் பயன்பெற்றுள்ளனர்.

இனி மாநாட்டுக்கு வருவோம். 1961இல் டோக்கியோ, விருந்தினரை ஏற்கும் வசதிகள் நிரம்பிய நகரன்று. ஒகுரா ஹோட்டல் மறு ஆண்டுதான் திறக்கப்பட்டது. நியூ ஒட்டானி 1964இல் எழுந்தது. மேம்பால விரைவுச் சாலையின் முதற்பகுதி 1962 இறுதியிலும், ஷின்கான்சென் அதிவேக ரயில் 1964இலும் வந்தன. இவை எவையும் இல்லாத நகருக்கு 74 நாடுகளின் பிரதிநிதிகள் வந்தனர். உள்நாட்டவரும் சேர்ந்து பதிவு செய்துகொண்டோர் 23,366 பேர். தொடக்க விழாவுக்குப் பேரரசரும் பேரரசியும் வந்திருந்தனர்.

அவர்கள் கூடிய இடம் எது தெரியுமோ? அதே ஹருமி! பொருட்காட்சி காணாத அந்நிலத்தில், போருக்குப்பின் வணிகக் கண்காட்சி மண்டபங்கள் எழுந்திருந்தன. நகரின் நடுப்பகுதியினின்று அங்குச் செல்லும் முதன்மை வழி கச்சிடோக்கிப் பாலமே. விருந்தினருக்காகக் கட்டிய பாலத்தின்மீது, 21 ஆண்டுகள் கழித்து, விருந்தினர் சென்றனர். ஒரு காலத்தில் ஜப்பானியப் படைகள் புகுந்த நாடுகளிலிருந்தும் அவர்கள் வந்தனர் என்பதே நாம் கருதத்தக்கது. வந்தவர் மறந்து வந்தாரல்லர், மறவாமலே வந்தனர். விருந்தளிப்பதைவிட, பகைத்தவன் வீட்டில் விருந்துண்ணச் செல்வதற்கு மனத்திண்மை மிகுதியாக வேண்டும்.

இச்சங்கத்தைக் குறையற்றதென நாம் கூற வரவில்லை. அன்று அது வசதி படைத்தோர் அவையாகவே பெரிதும் இருந்தது. பெண்கள் உறுப்பினராகும் உரிமை 1989இல்தான் கிட்டியது. ஐந்து நாள் மாநாட்டால் பழம்புண் ஆறிவிடும் என்பதும் இல்லை. ஆயினும் ஆசியாவின் குரல் அவ்வமைப்பில் ஓங்கத் தொடங்கிய காலம் அது. கல்கத்தாவைச் சேர்ந்த நிதீஷ் சந்திர லஹரி 1962-63ஆம் ஆண்டுக்கு உலக ரோட்டரியின் தலைவரானார். அப்பதவியை ஏற்ற முதல் ஆசியர் அவரே.

டோக்கியோவின் கதையும் தொடர்ந்தது. 1964இல் ஒலிம்பிக் வந்தது. 1978இல் ரோட்டரி மாநாடு மீண்டும் வந்தது. 1940க்கென வாங்கி, பெட்டிகளில் காத்துவைத்த பொருட்காட்சிச் சீட்டுகளை 1970இல் ஒசாகாவிலும், 2005இல் ஐச்சியிலும் நடந்த உலகப் பொருட்காட்சிகளில் ஏற்றுக்கொண்டனர். ஹருமிக் கண்காட்சி மண்டபங்கள் 1996இல் மூடப்பட்டன. அந்நிலத்திலேயே பின்னர் ஒலிம்பிக் வீரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது. பெருந்தொற்றால் ஓராண்டு தள்ளி 2021இல் போட்டிகள் நடந்தபோது, வீரர் வந்தனர். அரங்குகளோ பெரும்பாலும் பார்வையாளரின்றியே கிடந்தன.

நேயர்களே, மண்டபமும் பாலமும் இருந்துவிட்டால் மட்டும் ஒரு நகரம் விருந்தேற்றுவிட முடியாது என்பதை இக்கதை காட்டுகிறது. 1940இல் பாலம் இருந்தது, வருவார் இல்லை. 1961இல் ஹோட்டல்கள் போதவில்லை, வந்தவரோ பல்லாயிரவர். இவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையே நின்றவை, ஒரு கிழமையின் பெயரால் கூடிவந்த சிலரும், தாய்லாந்திலிருந்து படிக்க வந்த ஒரு மாணவருமே. நம் நாட்டு நகரங்களும் உலக மாநாடுகளை வரவேற்று வருகின்றன. தோரணம் கட்டுவதற்கு முன், நம் நகரில் தனித்துப் பயிலும் வேற்று நாட்டு மாணவர் எவரையேனும் நாம் வீட்டுக்கு அழைத்திருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.